பத்து லட்சம் பேர் தெருவில் இறங்கியும் போர் ஏன் நிற்கவில்லை?

எங்கோ ஒரு தேசத்தில் போர் மூள்கிறது. அதில் கலந்துகொள்ளும் இன்னொரு நாட்டின் மக்கள், எதிரியை விடத் தங்கள் சொந்த அரசின் மீதே அதிகக் கோபத்தோடு தெருவுக்கு வருகிறார்கள். அரசு அசைவதில்லை. இப்படியான செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், "ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுதானே, மக்கள் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டாமா?" என்ற கேள்வி எழுகிறது.

இதற்குப் பதில் தேட 2003ஆம் ஆண்டின் பிரிட்டனை விட வசதியான இடம் இல்லை. ஈராக் மீது படையெடுப்பதை அந்நாட்டு மக்களில் பெரும் பகுதியினர் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அரசு கேட்கவில்லை. அதன் பிறகு நடந்த விசாரணைகள், கசிந்த ஆவணங்கள், ராஜினாமா கடிதங்கள் என்று எல்லாம் சேர்ந்து, மூடிய கதவுகளுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பதை இன்று ஏறக்குறைய நாள்வாரியாகப் பார்க்க முடிகிறது. வேறு எந்தப் போர் முடிவும் இந்த அளவுக்குப் பிரித்துப் போட்டு ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை.

முதலில், நடந்தது என்ன?

2002 நவம்பர் 8 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 1441 என்ற எண்ணுள்ள தீர்மானத்தை 15 உறுப்பினர்களின் முழு ஆதரவோடு நிறைவேற்றியது. பேரழிவு ஆயுதங்கள் குறித்து ஈராக் முழு விவரம் தர வேண்டும், ஆய்வாளர்களை உள்ளே விட வேண்டும், இல்லாவிட்டால் "கடும் விளைவுகள்" வரும் என்றது அது. ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையிலான ஆய்வாளர்கள் உள்ளே போனார்கள். தேடினார்கள். இன்னும் அவகாசம் வேண்டும் என்றார்கள். அமெரிக்காவுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் அமெரிக்காவின் பக்கம் நின்றார்.

2003 பிப்ரவரி 15, சனிக்கிழமை. லண்டன் ஹைட் பார்க்கை நோக்கி ஊர்வலம். போலீஸ் கணக்குப்படி சுமார் ஏழரை லட்சம் பேர். ஏற்பாட்டாளர்கள் கணக்கில் 20 லட்சம் வரை. எந்தக் கணக்கை எடுத்தாலும் லண்டன் அதுவரை கண்ட அரசியல் ஊர்வலங்களில் அதுவே மிகப் பெரியது. கூட்டம் நடத்த ஹைட் பார்க்கைத் தர அரசு முதலில் மறுத்திருந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, புல்தரை பாழாகிவிடும் என்பது. போருக்குப் போகத் துணிந்த அரசு புல்லுக்காகக் கவலைப்பட்டதை நாடே கேலி செய்ய, சில நாட்களில் அனுமதி வந்தது.

ஊர்வலத்தில் வந்தவர்களில் பலர் வாழ்க்கையில் முதல்முறையாகக் கொடி பிடித்தவர்கள். தலையில் தேநீர்க் கோப்பையும் கையில் துப்பாக்கியுமாகப் பிளேர் நிற்கும் படத்துக்குக் கீழே "போர் வேண்டாம், தேநீர் போடு" என்ற பொருளில் ஒரு வாசகம் அச்சிட்ட அட்டை அன்று எங்கும் தென்பட்டது. அதைவிட முக்கியமான வாசகம் "என் பெயரால் வேண்டாம்" என்பது. அவர்கள் வாதாடியது ஈராக் அதிபர் சதாம் உசேனுக்காக அல்ல. தங்கள் பெயரைச் சொல்லி இதைச் செய்யாதே என்பதற்காக.

அதே நாளில் பிளேர் கிளாஸ்கோ நகரில் கட்சி மாநாட்டில் இருந்தார். ஊர்வலத்தில் வருபவர்களின் எண்ணிக்கையைச் சொல்லி, சதாமால் செத்தவர்கள் அதைவிட அதிகம் என்று பேசினார். கேட்டவர்களின் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் அந்தக் காலகட்டத்தின் முழுக் கதை. மக்கள் கேட்டது "ஏன் இப்போது, ஏன் ஐ.நா. இல்லாமல்?" என்று; அரசு சொன்னது "சதாம் கொடியவன்" என்று. சதாம் கொடியவன் என்பதில் ஊர்வலத்தில் இருந்த யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மார்ச் 20 அன்று படையெடுப்பு தொடங்கியது. ஏறத்தாழ 46,000 பிரிட்டிஷ் படையினர் அதில் பங்கேற்றார்கள்.

போர் தொடுக்கும் அதிகாரம் யாரிடம்?

இங்கேதான் பலருக்கும் முதல் அதிர்ச்சி. பிரிட்டனில் ஒரு போரைத் தொடங்க நாடாளுமன்றத்தின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. அன்றும் தேவைப்படவில்லை, இன்றும் தேவையில்லை.

காரணம், "அரச சிறப்புரிமை" என்ற பழைய ஏற்பாடு. படைகளை அனுப்புவது, ஒப்பந்தங்களில் கையெழுத்திடுவது போன்ற அதிகாரங்கள் ஒரு காலத்தில் மன்னரின் சொந்த அதிகாரங்களாக இருந்தன. மன்னராட்சி படிப்படியாகக் கரைந்தபோது அவற்றில் பலவற்றை நாடாளுமன்றம் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. சிலவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கப்படாமல் மிஞ்சியவை மன்னரின் பெயரில் பிரதமரின் கைக்கு வந்து சேர்ந்தன. படை அனுப்பும் அதிகாரம் அந்த மிச்சத்தில் ஒன்று. பிரிட்டனுக்கு ஒரே நூலாக எழுதப்பட்ட அரசியலமைப்புச் சட்டம் இல்லாததால், இதைத் தடுக்கும் பிரிவு எதுவும் எங்கும் இல்லை.

அமெரிக்காவில் நிலைமை வேறு. போர் அறிவிக்கும் அதிகாரம் அங்கே காங்கிரஸிடம் இருக்கிறது. 2002 அக்டோபரில் ஈராக் மீது படைபலத்தைப் பயன்படுத்த பிரதிநிதிகள் சபை 296க்கு 133 என்றும், செனட் 77க்கு 23 என்றும் அதிகாரம் தந்தன. ஆக, காங்கிரஸ் இருந்தும் போர் வந்தது. ஆனால் யார் யார் கை தூக்கினார்கள் என்ற பதிவு அங்கே படையெடுப்புக்கு ஐந்து மாதம் முன்பே உருவாகிவிட்டது.

அப்படியானால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பு எதற்கு?

2003 மார்ச் 18 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் விவாதம் நடந்தது, வாக்கெடுப்பும் நடந்தது. பெரிய அளவில் படை இறக்குவதற்கு முன்பே மக்களவையின் ஒப்புதலைக் கேட்டு வாக்கெடுப்பு நடத்தியது நவீன காலத்தில் புதுமை. சட்டம் கேட்கவில்லை, அரசியல் நிர்ப்பந்தம் கேட்டது. ஊர்வலம் எதையும் சாதிக்கவில்லை என்பவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அந்த வாக்கெடுப்பை வாங்கித் தந்தது தெருக் கூட்டமும் ஆளும் கட்சிக்குள் இருந்த கலகமும்தான்.

ஆனால் அந்த வாக்கெடுப்பு உண்மையான தேர்வாக இருந்ததா? மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. நேரம். வாக்கெடுப்பு நடந்தபோது பிரிட்டிஷ் படை ஏற்கெனவே குவைத் பாலைவனத்தில் எல்லையோரம் நின்றுகொண்டிருந்தது. படையெடுப்புக்கு இரண்டே நாட்கள். அந்த நேரத்தில் "இல்லை" என்று வாக்களிப்பது, வந்து நிற்கும் படையை உலகமே பார்க்கத் திருப்பி அழைப்பதாகும். கல்யாண மண்டபத்தில் வந்து உட்கார்ந்த பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்ற வாக்கெடுப்பு அது.

2. கொறடா. ஆளும் தொழிலாளர் கட்சி தன் உறுப்பினர்களுக்குக் கொறடா உத்தரவு போட்டது. இதை மீறுவது பிரிட்டனில் நம் ஊர் கட்சித் தாவல் சட்டம் போலப் பதவியைப் பறிக்காது. ஆனால் அமைச்சராகும் கனவு போய்விடும். தோற்றால் பிரதமர் பதவி விலகுவார் என்ற பேச்சும் பரவியிருந்தது. ஈராக் பற்றிய கேள்வி, பிளேர் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியாக உருமாறியது.

3. எதிர்க்கட்சி. கன்சர்வேடிவ் கட்சித் தலைமை போரை ஆதரித்தது. பெரிய கட்சிகள் இரண்டும் ஒரே பக்கம் நின்றுவிட்டால், எதிர்ப்பவர்கள் ஓட்டை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? மூன்றாவது கட்சியான லிபரல் டெமாக்ரட்டுகளும் சில சிறு கட்சிகளும் மட்டும் கட்சியாக எதிர்த்தார்கள்.

இவ்வளவு அழுத்தத்தையும் மீறி, "போருக்கான காரணம் இன்னும் நிறுவப்படவில்லை" என்ற திருத்தத்துக்கு ஆளும் கட்சியிலிருந்தே 139 பேர் ஆதரவு தந்தார்கள். திருத்தம் 217க்கு 396 என்று தோற்றது. அரசின் தீர்மானம் 412க்கு 149 என்று வென்றது. முந்தைய நாள் மாலை, அரசின் சார்பில் மக்களவை அலுவல்களைக் கவனித்த அமைச்சர் ராபின் குக் ராஜினாமா செய்து பேசினார். ஈராக்கிடம் வழக்கமான பொருளில் பேரழிவு ஆயுதங்கள் இருக்க வாய்ப்பில்லை என்றார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கைதட்டுவது அந்த அவையின் வழக்கமே அல்ல. மறுநாள் போய் வாக்களித்தார்கள்.

இன்னொரு தகவல் இங்கே முக்கியம். மார்ச் 11 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், பிரிட்டன் வராவிட்டாலும் சமாளித்துக்கொள்ள வழி உண்டு என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். விலகிக்கொள்ளும் வாய்ப்பை அதிபர் புஷ்ஷும் பிளேருக்குத் தந்தார். ஆக, ராணுவக் கணக்கில் பிரிட்டன் அவசியமாக இருக்கவில்லை. பிளேருக்கு அது கூட்டணிக் கணக்கு, அமெரிக்காவை விட்டுப் பிரியக் கூடாது என்பது. இது விவாதிக்கத் தக்க ஒரு வாதம்தான். ஆனால் மக்களிடம் வைக்கப்பட்ட வாதம் அது அல்ல.

மக்களிடம் காட்டப்பட்ட ஆதாரம்

மக்களிடம் வைக்கப்பட்டது பேரழிவு ஆயுதங்கள் பற்றிய வாதம். அதற்காக அரசு இரண்டு அறிக்கைகளை வெளியிட்டது.

முதலாவது 2002 செப்டம்பர் 24 அன்று. ஈராக்கின் ரசாயன, உயிரியல் ஆயுதங்களில் சில, உத்தரவு வந்த 45 நிமிடங்களுக்குள் ஏவத் தயாராகிவிடும் என்று அதில் இருந்தது. போர்க்களத்தில் பயன்படும் குறுகிய தூர ஆயுதங்களைப் பற்றிய உளவுத் தகவல் அது என்பது பிறகுதான் தெரிந்தது. அறிக்கையில் அந்த விளக்கம் இல்லை. மறுநாள் செய்தித்தாள்கள், பிரிட்டன் 45 நிமிடத்தில் தாக்கப்படும் என்கிற தோரணையில் தலைப்பிட்டன. அரசு அவசரமாக மறுப்பு எதுவும் வெளியிடவில்லை.

இரண்டாவது 2003 பிப்ரவரி தொடக்கத்தில் வந்தது. இதன் கதை இன்னும் மோசம். ஈராக்கின் உளவு அமைப்புகள் எப்படி ஆயுதங்களை ஒளிக்கின்றன என்று விவரித்த இந்த ஆவணத்தை அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலிலேயே பாராட்டிப் பேசினார். அடுத்த நாளே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் கண்டுபிடித்தது தொலைக்காட்சியில் வெளியானது: ஆவணத்தின் பெரும் பகுதி ஒரு முனைவர் பட்ட மாணவரின் கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தது. மாணவரின் அச்சுப்பிழைகள்கூட அப்படியே இருந்தன. மாற்றப்பட்ட இடங்கள்தான் சுவாரசியமானவை. மாணவர் "வெளிநாட்டுத் தூதரகங்களைக் கண்காணிப்பது" என்று எழுதியிருந்ததை "உளவு பார்ப்பது" என்று மாற்றியிருந்தார்கள். பகை நாடுகளில் உள்ள "எதிர்ப்புக் குழுக்களுக்கு உதவுவது" என்பது "பயங்கரவாத அமைப்புகளை ஆதரிப்பது" ஆகியிருந்தது. பரீட்சையில் இப்படி எழுதினால் மாணவனை வெளியே அனுப்புவார்கள்.

லண்டன் ஊர்வலம் இதற்குப் பத்து நாட்களுக்குள் நடந்தது என்பதை நினைவில் வைத்தால், வந்த கூட்டத்தின் அளவு வியப்பாகத் தோன்றாது.

2004 இலையுதிர் காலத்தில், ஈராக்கைச் சல்லடை போட்டுத் தேடிய அமெரிக்கா தலைமையிலான ஆய்வுக் குழு, ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான பட்லர் விசாரணை அறிக்கை, உளவுத் தகவலோடு வந்த எச்சரிக்கைக் குறிப்புகள் பொது அறிக்கையில் காணாமல் போயிருந்ததைச் சுட்டிக்காட்டியது. "கிடைத்த தகவல் அரைகுறை, துண்டு துணுக்கு" என்று உளவுத்துறை சொல்லியிருக்க, மக்களுக்கு "சந்தேகமே இல்லை" என்று சொல்லப்பட்டிருந்தது.

சட்ட ஆலோசனை: 13 பக்கமும் 337 சொற்களும்

அரசின் தலைமைச் சட்ட ஆலோசகருக்குப் பிரிட்டனில் அட்டர்னி ஜெனரல் என்று பெயர். அன்று அந்தப் பதவியில் இருந்தவர் கோல்ட்ஸ்மித். ஐ.நா.வின் புதிய அனுமதி இல்லாமல் போருக்குப் போவது சட்டபூர்வமா என்பதைச் சொல்ல வேண்டியது அவர்.

அரசின் சட்ட வாதம் சுருக்கமாக இது: 1990இல் குவைத்தை மீட்கப் படைபலத்துக்கு ஐ.நா. அனுமதி தந்தது (தீர்மானம் 678). 1991இல் ஈராக் ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு போர்நிறுத்தம் வந்தது (தீர்மானம் 687). நிபந்தனையை ஈராக் மீறினால் பழைய அனுமதி மீண்டும் உயிர்பெறும். சரி, மீறியது என்று முடிவு செய்வது யார்? பாதுகாப்பு கவுன்சிலா, தனித்தனி நாடுகளா? முழுச் சர்ச்சையும் இந்த ஒற்றைக் கேள்வியில் அடங்கியிருந்தது.

மார்ச் 7 அன்று கோல்ட்ஸ்மித் பிரதமருக்கு 13 பக்க ஆலோசனை தந்தார். 1441க்குப் பிறகு இரண்டாவது ஐ.நா. தீர்மானம் இல்லாமலே போர் சட்டபூர்வம் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் பாதுகாப்பான வழி இரண்டாவது தீர்மானத்தைப் பெறுவதே என்று அதில் இருந்தது. அதன் பிறகு முப்படைத் தளபதி தெளிவான பதில் கேட்டார். பிரிட்டன் அப்போதுதான் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தது. தன் சிப்பாய்கள் கூண்டில் நிற்கக் கூடாது என்ற கவலை அவருக்கு. மார்ச் 17 அன்று நாடாளுமன்றத்துக்கு ஒரு பதில் வந்தது. 337 சொற்கள். "ஆனால்" எதுவும் இல்லை. போர் சட்டபூர்வம்.

அமைச்சரவை பார்த்தது இந்தச் சிறிய பதிலைத்தான். 13 பக்கத்தை அவர்களுக்குச் சுற்றுக்கு விடவில்லை. மக்களுக்கு அது 2005 ஏப்ரல் கடைசியில், தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கசிந்தபிறகே கிடைத்தது. வெளியுறவு அமைச்சகத்தின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் மட்டும் இந்தப் போர் சட்டவிரோதம் என்று எழுதிவைத்துவிட்டுப் பதவி விலகினார்.

மக்களின் விரக்தியை ஆராய்பவர்கள் வழக்கமாகப் பொய் சொன்னார்களா இல்லையா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிவது வேறு. பிரதமர் அறையில் இருந்த சந்தேகம் அமைச்சரவைக்குப் போகும்போது பாதியானது, நாடாளுமன்றத்துக்குப் போகும்போது கால்வாசியானது, மக்களிடம் வந்து சேரும்போது முற்றும் வற்றிப்போனது. ஒவ்வொரு படியிலும் யாரும் அப்பட்டமாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு "ஒருவேளை"யை நீக்கினால் போதும்.

குண்டு விழத் தொடங்கியதும் மனம் மாறியது ஏன்?

இங்கே மக்களைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். படையெடுப்பு தொடங்கியதும் கருத்துக்கணிப்புகளில் போருக்கு ஆதரவு கூடியது. யூகவ் நிறுவனம் 2003 மார்ச் முதல் டிசம்பர் வரை நடத்திய 21 கணிப்புகளின் சராசரியில் 54 சதவீதம் பேர் போர் சரி என்றார்கள்.

அரசியல் ஆய்வாளர்கள் இதைக் "கொடியைச் சுற்றித் திரளுதல்" என்பார்கள். நம் பிள்ளைகள் களத்தில் இருக்கும்போது குறை பேசுவது துரோகம் என்ற உணர்வு வருகிறது. போரை எதிர்த்த லிபரல் டெமாக்ரட்டுகளே, படை இறங்கிய பிறகு "வீரர்களை ஆதரிக்கிறோம்" என்று தொனியை மாற்றினார்கள். இந்த மனநிலை எந்த அரசுக்கும் தெரியும். அதனால்தான் தொடங்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று அவை கணக்குப் போடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், 2015இல் அதே நிறுவனம் "அன்று நீங்கள் என்ன நினைத்தீர்கள்?" என்று கேட்டபோது 37 சதவீதம் பேர்தான் தாங்கள் ஆதரித்ததாகச் சொன்னார்கள். இந்த இடைவெளியில் இருப்பவர்கள் பொய் சொன்னார்கள் என்பதைவிட மறந்துபோனார்கள் என்பதே சரி.

நாளாக நாளாகப் படைவீரர் வேறு, போர் வேறு என்று மக்கள் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். வூட்டன் பாசெட் என்ற சிற்றூர் இதற்குச் சாட்சி. 2007 முதல், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்தவர்களின் உடல்கள் பக்கத்து விமான தளத்தில் இறங்கி அந்த ஊரின் கடைத்தெரு வழியாகப் போகும். யாரும் ஏற்பாடு செய்யாமலே ஊர்க்காரர்கள் கடையைச் சாத்திவிட்டுச் சாலையோரம் வந்து நின்றார்கள். தேவாலய மணி ஒலிக்கும், கோஷம் கிடையாது. போரை ஆதரித்தவர், எதிர்த்தவர் இரு தரப்பும் அந்த வரிசையில் இருந்தார்கள். ஈராக்கில் இறந்த பிரிட்டிஷ் படையினர் மொத்தம் 179 பேர். இறந்த ஈராக்கியரின் எண்ணிக்கை இதைப் போல் எத்தனையோ மடங்கு, லட்சத்தைத் தாண்டும்.

கோபம் எந்த வாசல்களைத் தட்டியது?

1. தேர்தல். 2005 மே 5 அன்று தொழிலாளர் கட்சி மறுபடியும் வென்றது. வாக்கு 35.2 சதவீதம்தான், ஆனால் அங்கேயும் நம்மைப் போலவே தொகுதியில் முதலில் வருபவர் ஜெயிக்கும் முறை. ஆகவே 66 இடப் பெரும்பான்மை கிடைத்தது. முந்தைய தேர்தலில் அது 167. ஈராக்கில் மகனை இழந்த ஒரு தந்தை பிளேரின் தொகுதியிலேயே சுயேச்சையாக நின்று பத்து சதவீத வாக்குப் பெற்றார். முடிவு அறிவித்த மேடையில் அவர் பேசியபோது பிளேர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. தேர்தலில் மக்கள் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் வரியையும் போரையும் ஒரே ஓட்டில் சொல்லியாக வேண்டும். ஒரு போருக்கான தண்டனையை மட்டும் தனியே பிரித்துத் தர அதில் வழி இல்லை.

2. நீதிமன்றம். இறந்த வீரர்களின் தாய்மார் இருவர், போரின் சட்டத்தன்மை குறித்துப் பொது விசாரணை கேட்டு வழக்குத் தொடர்ந்தார்கள். 2008இல் நாட்டின் உச்ச நீதிபதிகள் ஒன்பது பேர் சேர்ந்து அதைத் தள்ளுபடி செய்தார்கள். போருக்குப் போவதா என்பது நீதிமன்றம் எடைபோடும் விஷயம் அல்ல என்பதே பொதுவான போக்கு. ஆனால் 2013இல், போதிய கவசம் இல்லாத ஜீப்களில் அனுப்பப்பட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் மீது வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. போர் சரியா என்று கேட்க முடியாது. கொடுத்த வண்டி சரியா என்று கேட்கலாம்.

3. தெரு. பிரையன் ஹா என்பவர் 2001 ஜூன் முதல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் கூடாரமடித்து, ஈராக் குழந்தைகளின் படங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை அகற்றும் நோக்கமும் சேர்ந்து 2005இல் ஒரு சட்டம் வந்தது: நாடாளுமன்றத்தைச் சுற்றி அனுமதியின்றிப் போராடக் கூடாது. சட்டத்தை எழுதியவர்கள், புதிதாகத் தொடங்கும் போராட்டத்துக்கு என்பதாக எழுதிவிட்டதால், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அவருக்கு அது பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டில்தான் அரசு வென்றது. அதற்கிடையில் அந்தச் சட்டத்தில் முதலில் தண்டனை பெற்றவர், போர் நினைவுச் சின்னத்தின் அருகே நின்று இறந்த வீரர்களின் பெயர்களை வாசித்த ஒரு பெண். 2009 ஏப்ரலில், வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது லண்டன் தமிழர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்ததும் இதே சதுக்கத்தில்தான்.

4. தகவல் உரிமை. 2003 மார்ச் மாத அமைச்சரவைக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு மனு போனது. தகவல் ஆணையரும் தீர்ப்பாயமும் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டனர். 2009 பிப்ரவரியில் அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி நிறுத்தினார். அந்தச் சட்டத்தில் உள்ள தடுப்பதிகாரம் பயன்பட்டது அதுவே முதல்முறை. போர் நடந்தபோது வெளியுறவு அமைச்சராக இருந்தவரும் அவரே.

5. விசாரணைக் குழு. ஜான் சில்காட் தலைமையிலான குழு 2009இல் அமைந்தது. அறிக்கை 2016 ஜூலை 6 அன்று வந்தது. 12 தொகுதிகள், 26 லட்சம் சொற்கள். அமைதி வழிகள் தீரும் முன்பே போருக்குப் போனார்கள், அன்று போர் கடைசி வழியாக இருக்கவில்லை, ஆயுத மிரட்டல் நியாயமில்லாத உறுதியோடு காட்டப்பட்டது என்று அது முடிவு சொன்னது. 2002 ஜூலையிலேயே, அதாவது ஊர்வலத்துக்கு ஏழு மாதம் முன்பே, "எதுவானாலும் உங்களோடு இருப்பேன்" என்று பிளேர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பும் வெளியானது. ஹைட் பார்க்கில் நின்றவர்கள் சொன்னதைத்தான் பதிமூன்று ஆண்டு கழித்து அரசுச் செலவில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிளேர் பதவியை விட்டுப் போய் அப்போது ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.

அதே மாதத்தில் துருக்கி

மக்களின் எதிர்ப்புக்கு வலுவே இல்லை என்று முடிவுகட்டும் முன் துருக்கியைப் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்தும் ஈராக்கைத் தாக்க, துருக்கி மண் வழியாகச் சுமார் 62,000 படையினரை அனுப்ப அமெரிக்கா அனுமதி கேட்டது. பதிலுக்குப் பல நூறு கோடி டாலர் உதவி. ஆளும் கட்சித் தலைமை ஒப்புக்கொண்டது. கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்தன.

2003 மார்ச் 1 அன்று அங்காராவில் வெளியே ஊர்வலம், உள்ளே வாக்கெடுப்பு. ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஆதரவு அதிகம்தான்; ஆனால் அவைக்கு வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும். மூன்று ஓட்டுக் குறைந்தது. தீர்மானம் விழுந்தது. அமெரிக்கா போர்த் திட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

துருக்கி மக்கள் பிரிட்டன் மக்களை விடச் சத்தமாகக் கத்தினார்கள் என்பதல்ல காரணம். அந்நாட்டு அரசியலமைப்பின் 92ஆவது பிரிவு, வெளிநாட்டுப் படையை உள்ளே விட நாடாளுமன்ற அனுமதி கட்டாயம் என்கிறது. ஆளும் கட்சி அன்று தன் உறுப்பினர்களைக் கட்டிப்போடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தாக்குதல் படை இறங்கும் முன்பே ஓட்டு நடந்தது. தொகுதி மக்களின் கோபம் உறுப்பினரின் கையை எட்டுவதற்கு வழி இருந்தது.

ஸ்பெயினில் வழி இருக்கவில்லை. பத்தில் ஒன்பது பேர் எதிர்த்தும் பிரதமர் அஸ்னார் போரை ஆதரித்தார். 2004 மார்ச் 11 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, பழியை ஈ.டி.ஏ. என்ற உள்நாட்டுப் பிரிவினைவாத ஆயுத அமைப்பின் மீது போட அரசு முயன்றது மக்களை மேலும் கொதிக்க வைத்தது. மூன்று நாளில் நடந்த தேர்தலில் அவர் கட்சி தோற்றது. புதிய அரசு படையைத் திரும்ப அழைத்ததோடு, 2005இல் வெளிநாட்டுக்குப் படை அனுப்ப நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்று சட்டமும் போட்டது.

பிரிட்டனில் மிஞ்சியது

சட்டம் மாறவில்லை, பழக்கம் மட்டும் கொஞ்சம் மாறியது. 2003 வாக்கெடுப்பு முன்னுதாரணமாகி, படை அனுப்பும் முன் மக்களவையைக் கேட்பது மரபு என்று 2011இல் அமைச்சரவைக் கையேட்டில் எழுதினார்கள். மரபு என்றால், மீறினால் வெட்கம் உண்டு, வழக்கு இல்லை.

2013 ஆகஸ்ட் 29 அன்று அந்த மரபு ஒருமுறை கடித்தது. சிரியாவில் ரசாயனத் தாக்குதல் நடந்ததும் பிரதமர் டேவிட் கேமரூன் ராணுவ நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டார். 272க்கு 285 என்று தோற்றார். விவாதம் முழுவதும் ஈராக் என்ற பெயர் ஒலித்துக்கொண்டே இருந்தது. பத்தாண்டு முன்பு ஹைட் பார்க்கில் சேர்ந்த கோபம் அன்றுதான் மக்களவைக்குள் நுழைந்தது என்று சொல்லலாம். அந்தக் கோபம் வேறொரு போரில், வேறொரு பிரதமரின் மீது விழுந்தது. சிரியாவில் அதனால் நன்மை விளைந்ததா என்பது தனிக் கேள்வி. சிரியர்கள் பலர் இன்றும் அந்த ஓட்டைக் கசப்போடுதான் பேசுகிறார்கள்.

அதன் பிறகு மரபு தேயத் தொடங்கியது. 2018 ஏப்ரலில் தெரசா மே சிரியா மீது குண்டு வீச உத்தரவிட்டுவிட்டு, பிறகு மக்களவைக்குத் தகவல் சொன்னார். 2024 ஜனவரியில் ஏமனின் ஹூதிகள் மீது தாக்குதல் நடத்த ரிஷி சுனக்கும் வாக்கெடுப்பு நடத்தவில்லை. எதிர்க்கட்சித் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டது.

அந்த எதிர்க்கட்சித் தலைவர் கெய்ர் ஸ்டார்மர். 2003இல் வழக்கறிஞராக, ஈராக் போருக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று பத்திரிகையில் எழுதியவர். 2020இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது அவர் தந்த பத்து உறுதிமொழிகளில் ஒன்று, ராணுவத் தலையீட்டைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் கொண்டுவருவது. 2024 ஜனவரியில் அவர் தாக்குதலை ஆதரித்தார். தான் சொன்னது தரைப்படையை இறக்குவது பற்றி, வான்வழித் தாக்குதலைப் பற்றி அல்ல என்று விளக்கம் தந்தார். ஆறு மாதத்தில் பிரதமரானார். மன்னரிடமிருந்து மிஞ்சிவந்த அந்த அதிகாரம் முழுதாக அவர் கைக்கு வந்தது.